கார்ட்லெஸ் ஸ்டிக் வேக்குவம் வாங்கும் முன்: டர்பன் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தாளிக்கும்போது தெறித்த கடுகு அடுப்புக்குக் கீழே ஓடிவிடுகிறது. கடற்கரைக்குப் போய்வந்த பிள்ளைகளின் செருப்பிலிருந்து மணல் கூடம் முழுக்கப் பரவுகிறது. இதற்கெல்லாம் பெரிய வேக்குவம் கிளீனரை அலமாரியிலிருந்து இழுத்து, ஒயரைப் பிரித்து, பிளக் தேடி மாட்டுவதற்குள் அலுத்துவிடும். அந்த ஐந்து நிமிட வேலைக்குத்தான் எடை குறைந்த கார்ட்லெஸ் ஸ்டிக் வேக்குவம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டில் இப்போது இருப்பது மூன்றாவது. முதல் இரண்டும் தவறான தேர்வு. அதற்குப் பிறகு சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வேலைக்கு வந்து அம்ஷ்லாங்காவில் குடியேறியவர்களுக்கும் கடைக்குக் கூடப் போய்த் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். தடுமாறியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். விலையையும் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணையும் முதலில் பார்த்தார்கள். தங்கள் தரையையும் கையையும் கடைசியில் பார்த்தார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிக் குழப்பம் போய்விடும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. ஒரு வாரம் உங்கள் வீட்டைக் கவனியுங்கள்

கடைக்குப் போகும் முன் தேவைப்படுபவை மூன்றுதான்: ஒரு தாள், ஒரு அளவு டேப், ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில். பாட்டில் எதற்கு என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை துடைப்பம் எடுக்கும்போதும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: என்ன சிந்தியது, எங்கே, எந்தத் தரை, எத்தனை நிமிடம் ஆயிற்று. எங்கள் வீட்டுத் தாளில் அந்த வாரம் இருந்தது இது. அடுப்படி டைல்ஸில் கடுகு, உளுத்தம்பருப்பு, வெங்காயத் தோல், ஆறு முறை. சாமி அறையில் விபூதியும் ஊதுபத்திச் சாம்பலும், தினமும். கூடத்து விரிப்பில் தலைமுடி, மூன்று முறை. வாசலில் மணல், இரண்டு முறை. ஒரு தடவைகூட எட்டு நிமிடத்தைத் தாண்டவில்லை.

இதை எழுதாமல் கடைக்குப் போனால் விற்பவர் கேட்கும் முதல் கேள்விக்கே நம்மிடம் பதில் இருக்காது. ‘எல்லாத்துக்கும்தான்’ என்று சொன்னால், கடையில் இருப்பதிலேயே பெரியதையும் கனமானதையும்தான் காட்டுவார்கள்.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். அக்டோபர், நவம்பரில் முதல் மழை பெய்த இரவு விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தால், காலையில் ஜன்னல் ஓரமெல்லாம் இறகு குவிந்திருக்கும். துடைப்பத்தால் கூட்டினால் அது பறக்கும். வேக்குவத்தில் ஒரு நிமிட வேலை. ஆனால் இறகு லேசு, அளவில் அதிகம். சின்ன குப்பைக் கிண்ணம் இரண்டு ஜன்னலிலேயே நிரம்பிவிடும்.

அப்புறம் டேப். சோபாவுக்கும் கட்டிலுக்கும் அடியில் எவ்வளவு இடைவெளி என்று அளந்து தாளில் குறியுங்கள். குழாயின் நுனியில் தரையைத் தொட்டு ஓடும் தரைத்தலை எத்தனை சென்டிமீட்டர் உயரம், குழாய் எவ்வளவு தாழப் படுக்கும் என்பதைக் கடையில் இந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். சார்ஜரை எந்த பிளக்கில் மாட்டப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வாடகை வீடு என்றால் சுவரில் துளை போட விடுவார்களா என்று கேட்டுவிடுங்கள். பல மாடல்கள் தாமாக நிற்காது; சுவரில் கொக்கி வேண்டும், இல்லையென்றால் தனி ஸ்டாண்ட் வாங்க வேண்டும்.

தாளைப் பார்த்து ஒரு முடிவு இங்கேயே எடுக்கலாம். வீடு முழுக்கச் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் என்றால், லேசான ஸ்டிக் மட்டும் போதாது. ஒயர் உள்ள வேக்குவத்தை வைத்துக்கொண்டு, இதை இரண்டாவதாக வாங்குங்கள். இதைச் சொன்னால் பலருக்கு வருத்தம். ஆனாலும் பணம் போன பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போது தெரிவது நல்லது.

2. கையில் பிடித்துப் பாருங்கள்

தண்ணீர் பாட்டிலை நிரப்பி, கழுத்தைப் பிடித்து, முழங்கையை மடக்காமல் இரண்டு நிமிடம் முன்னும் பின்னும் அசையுங்கள். அது ஒன்றரை கிலோ. மணிக்கட்டு எப்போது முணுமுணுக்கிறது என்று பாருங்கள். வீட்டில் யார் யார் பயன்படுத்தப் போகிறார்களோ அத்தனை பேரும் இதைச் செய்ய வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் தரைத்தலை, குழாய் எல்லாம் சேர்ந்த மொத்த எடை. அதில் ஒரு பகுதியைத் தரை தாங்கிக்கொள்ளும். கை தாங்குவது மீதி. மோட்டாரும் பேட்டரியும் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே மேலே இருக்கும் மாடலில் அந்த மீதி அதிகம். மோட்டார் கீழே இருக்கும் மாடலில் கைக்கு லேசாக இருக்கும், ஆனால் கட்டிலுக்கு அடியில் நுழையாது, மேலே தூக்கி ஒட்டடை அடிக்கவும் முடியாது. இரண்டில் எது வேண்டும் என்பதற்குப் பதில் உங்கள் தாளில்தான் இருக்கிறது.

என் மாமியாருக்கு வலது மணிக்கட்டில் வாதம் உண்டு. இரண்டாவது வேக்குவத்தை வாங்கி வந்த அன்று ஆசையாக எடுத்து அடுப்படியைச் சுத்தம் செய்தார். பாதியிலேயே சுவரில் சாய்த்துவிட்டு, “ஏம்மா, இதுக்குத் தலைதான் கனக்குது, அடி லேசா இருக்கு” என்றார். அதுதான் சரியான விமர்சனம். தராசில் அது இரண்டரை கிலோதான். ஆனால் கனம் எல்லாம் கைப்பிடிக்கு முன்னால் தொங்கியதால் மணிக்கட்டு அதை ஓயாமல் நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரே எடையுள்ள இரண்டு மாடல்கள் கையில் வேறு வேறாக இருப்பது இதனால்தான்.

ஓட்டும் சுவிட்சையும் பாருங்கள். சில மாடல்களில் துப்பாக்கி விசை மாதிரி விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் நின்றுவிடும். பேட்டரி மிச்சமாகும் என்பது உண்மை. மூட்டு வலி உள்ளவர்களுக்கு அது தண்டனை. டைசன் வி8, வி15 இரண்டும் இந்த வகை. வி12 டிடெக்ட் ஸ்லிம்மில் ஒரு முறை தட்டினால் போதும். மற்ற நிறுவனங்களிலும் இரண்டு வகையும் உண்டு.

கடையில் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்ப்பது போதாது என்பவர்கள் உண்டு. போதும், சரியாகச் செய்தால். ஒரு நிமிடம் தரையில் தள்ளுங்கள், அரை நிமிடம் தலைக்கு மேல் தூக்குங்கள், அரை நிமிடம் குனிந்து சோபாவுக்கு அடியில் விடுவது போல நீட்டுங்கள். வீட்டில் வரப்போகும் வலி அங்கேயே தலைகாட்டும்.

3. உறிஞ்சும் சக்தி எண்களைப் படிக்கும் முறை

கோவைத் தம்பி ஒருவர் கடையிலிருந்து போன் செய்தார். “அக்கா, இதுல இருபத்தஞ்சாயிரம் பாஸ்கல்னு போட்டிருக்கு, பக்கத்துல இருக்கிறதுல நூத்தி அம்பதுதான் போட்டிருக்கு. இதையே எடுத்துடவா?” நூற்றைம்பதுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ‘ஏர் வாட்’ என்றார். இரண்டும் வேறு வேறு அளவைகள். கிலோமீட்டரையும் கிலோகிராமையும் ஒப்பிடுவது போலத்தான் அது.

பெட்டிகளில் மூன்று விதமான எண்கள் வரும். ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வாட் என்று மட்டும் இருந்தால், அது மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்சாரம். எவ்வளவு தூசி எடுக்கும் என்று அது சொல்லாது. வாங்குபவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

பாஸ்கல் அல்லது கிலோபாஸ்கல் என்பது அழுத்தம். குழாயின் வாயை முழுக்க அடைத்துவிட்டு அளப்பது. இளநீர் ஸ்ட்ராவின் அடியை விரலால் பொத்திக்கொண்டு உறிஞ்சுங்கள். கன்னம் ஒட்டிக்கொள்ளும், ஒரு சொட்டும் வராது. அந்த இழுவைதான் பாஸ்கல். 20 கிலோபாஸ்கல் என்றால் ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் தூசியைத் தூக்கிக்கொண்டு போவது ஓடும் காற்று. வாயை அடைத்து அளந்தபோது காற்று ஓடவே இல்லை.

ஏர் வாட் என்பது அழுத்தத்தையும் காற்றின் ஓட்டத்தையும் பெருக்கி வருவது. நொடிக்கு 15 லிட்டர் காற்று 8 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் ஓடினால் 120 ஏர் வாட். மூன்றில் இதுதான் நடைமுறைக்கு நெருக்கம். இருந்தாலும் விளம்பரத்தில் வருவது அதிகபட்ச வேகத்தில் அளந்த எண். அந்த வேகத்தில் நீங்கள் சில நிமிடம்தான் ஓட்ட முடியும்.

ஆகவே விதி எளிது. பாஸ்கலைப் பாஸ்கலோடும், ஏர் வாட்டை ஏர் வாட்டோடும் மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு மாடலில் பாஸ்கல் மட்டும் போட்டிருந்தால் அடுத்த படியில் வரும் சோதனையை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஒரே நிறுவனத்தின் மூன்று மாடல்களை எடுத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டைசன் தரும் எண்கள்படி வி8 சுமார் 2.6 கிலோ, 115 ஏர் வாட், கிண்ணம் 0.54 லிட்டர். வி12 சுமார் 2.2 கிலோ, 150 ஏர் வாட், கிண்ணம் 0.35 லிட்டர். வி15 சுமார் 3.1 கிலோ, 240 ஏர் வாட், கிண்ணம் 0.76 லிட்டர். வி12 லேசு, சக்தியும் வி8ஐவிடக் கூட. ஆனால் கிண்ணம் சிறியது. நாய் வளர்க்கும் வீட்டில் பாதியில் நிறுத்திக் கொட்ட வேண்டியிருக்கும். வி15 எல்லாவற்றிலும் பெரியது, மணிக்கட்டு அதற்கு விலை கொடுக்கும். டைல்ஸ் தரையில் கடுகு எடுக்க 240 தேவையில்லை. என் அனுபவத்தில் 100 ஏர் வாட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலே கடினத் தரைக்குத் தாராளம்.

4. தரைத்தலையைச் சோதியுங்கள்

நேரத்தை அதிகம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். மோட்டாரைவிடத் தரைத்தலைதான் வேலையைச் செய்கிறது. மட்டமான தலை பொருத்தினால் எவ்வளவு நல்ல மோட்டாரும் வீண்.

மிருதுவான துணி உருளை டைல்ஸுக்கும் லாமினேட் பலகைக்கும் ஏற்றது. முள் போன்ற நார் உருளை கார்ப்பெட்டுக்கு. கார்ப்பெட் தலையை டைல்ஸில் ஓட்டினால் அரிசியும் கடுகும் உறிஞ்சப்படுவதற்கு முன்பே பின்பக்கம் தெறித்துக் காலில் அடிக்கும். மிருதுவான உருளையைக் கார்ப்பெட்டில் ஓட்டினால் மேலாகத் தடவிவிட்டு வரும். பெட்டிக்குள் எந்தத் தலை இருக்கிறது, இன்னொன்று வாங்க எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெட்டிகளுக்குள் விலை வித்தியாசம் பல நேரம் இதில்தான் இருக்கும்.

கடைக்குப் போகும்போது ஒரு சின்னப் பையில் ஒரு பிடி அரிசி, இன்னொன்றில் இரண்டு ஸ்பூன் கோதுமை மாவு, கொஞ்சம் தைக்கும் நூல் எடுத்துப் போங்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கத்துப் பெரிய கடைகளில் காட்சிக்கு வைத்திருப்பதை ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். மரியாதையாகக் கேட்டு, கடைசியில் நாமே சுத்தம் செய்துவிடுகிறோம் என்றால் பெரும்பாலும் விடுவார்கள். மஞ்சள்தூள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். உருளையில் கறை பிடித்துவிடும்.

அரிசியை ஒரு கோடாகப் போடுங்கள். தலையை மெதுவாக முன்னால் தள்ளுங்கள். அரிசி உள்ளே போகிறதா, தலைக்கு முன்னால் குவிந்துகொண்டே நகர்கிறதா? தலையின் முன்விளிம்பு தரையோடு ஒட்டியிருந்தால் நுண்தூசி நன்றாக வரும், பருமனானவை உள்ளே நுழையாது. முன்பக்கம் திறந்திருந்தால் பருப்பெல்லாம் போகும். நம் அடுப்படிக்கு இரண்டாவது வகைதான் வேண்டும்.

மாவைச் சுவரோரமாகத் தூவி, சுவரை ஒட்டித் தள்ளுங்கள். எத்தனை மில்லிமீட்டர் வெள்ளைக் கோடு மிஞ்சுகிறது என்று பாருங்கள். டைல்ஸ் இடுக்கில் தங்கியது வருகிறதா என்றும் பாருங்கள். கோலமாவுக்கும் இதே கதைதான்.

நூலை ஒரு முழ நீளத்தில் நாலைந்து துண்டாக வெட்டிப் போடுங்கள். நீளக் கூந்தல் உள்ள வீட்டுக்கு இது மிக முக்கியம். எண்ணெய் தேய்த்த முடி உருளையில் சுற்றிக்கொண்டு தூசியையும் சேர்த்துப் பிடித்துக் கயிறு மாதிரி ஆகிவிடும். கூம்பு வடிவ உருளை இருந்தால் முடி ஒரு பக்கமாக நகர்ந்து உள்ளே போய்விடும். இல்லையென்றால் உருளையைக் கழற்றுவது எப்படி என்று அங்கேயே காட்டச் சொல்லுங்கள். ஒரு நாணயத்தால் திருகிக் கழற்ற முடிந்தால் நல்லது. ஸ்குரூடிரைவர் கேட்டால் வீட்டில் யாரும் அதைச் சுத்தம் செய்யமாட்டார்கள்.

கடைசியாக, தலையை இடமும் வலமும் திருப்பி நாற்காலிக் கால்களைச் சுற்றுங்கள். மணிக்கட்டைத் திருப்பியதும் தலை தானாகத் திரும்ப வேண்டும்.

5. பேட்டரி: பெட்டியில் உள்ள நிமிடத்தை நம்பாமல் கணக்குப் போடுங்கள்

‘60 நிமிடம் ஓடும்’ என்று போட்டிருந்தால், அது மிகக் குறைந்த வேகத்தில், மோட்டார் உருளை இல்லாத கருவியை மாட்டி அளந்தது. உருளையை மாட்டி நடு வேகத்தில் ஓட்டினால் பாதியாகலாம். அதிகபட்ச வேகத்தில் பத்து நிமிடத்துக்கு முன்பே நின்றுவிடும்.

இதை நீங்களே கணக்கிடலாம். பேட்டரியில் வோல்ட்டும் ஆம்பியர்-மணியும் அச்சிட்டிருக்கும். பெருக்கினால் வாட்-மணி. 25.2 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி என்றால் 63 வாட்-மணி. மோட்டார் அதிகபட்ச வேகத்தில் 400 வாட் எடுத்தால் 63ஐ 400ஆல் வகுத்து 60ஆல் பெருக்குங்கள்: ஒன்பதரை நிமிடம். அதே பேட்டரி 60 நிமிடம் ஓட வேண்டுமானால் மோட்டார் வெறும் 63 வாட்டில் ஓட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் அன்றாட வேலை.

இப்போது முதல் படியில் எழுதிய தாளைப் பாருங்கள். நீளமான வேலை எட்டு நிமிடம் என்றால், நடு வேகத்தில் 20 நிமிடம் ஓடுவது உங்களுக்குப் போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பேட்டரியின் எடையாகக் கையில் தொங்கும்.

பேட்டரியைக் கழற்ற முடியுமா என்று கட்டாயம் பாருங்கள். லித்தியம் அயான் பேட்டரி பயன்படுத்தப் பயன்படுத்தக் கொள்ளளவு குறையும். சில நூறு முறை சார்ஜ் செய்த பிறகு வித்தியாசம் தெரியும். சில ஆண்டுகளில் மாற்ற வேண்டி வரும். என் முதல் வேக்குவத்துக்கு பேட்டரி பத்தே மாதத்தில் படுத்தது. விற்ற இடத்தில் கேட்டபோது தனி பேட்டரி இந்த நாட்டுக்கு வருவதே இல்லை என்றார்கள். மோட்டார் நன்றாக இருந்தும் முழு இயந்திரத்தையும் மறுசுழற்சிக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, ‘இந்த மாடலுக்கு மாற்று பேட்டரி இப்போது கையிருப்பில் இருக்கிறதா, என்ன விலை?’ என்ற கேள்விக்குப் பதில் வராமல் நான் எதையும் வாங்குவதில்லை. போஷ் அன்லிமிடெட் வரிசையில் அந்த நிறுவனத்தின் வீட்டு, தோட்டக் கருவிகளுக்கான 18 வோல்ட் பேட்டரியே பொருந்தும். ஏற்கெனவே அந்த பேட்டரியில் ஓடும் டிரில் வைத்திருப்பவர்களுக்கு அது லாபம்.

லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2024 மார்ச் 26க்குப் பிறகு பத்து மாதம் இல்லாமல் இருந்து, 2025 ஜனவரி 31 அன்று திரும்ப வந்ததை நாம் பார்த்தோம். இன்றைக்கு இல்லை என்பதால் மறந்துவிட முடியாது. மின்சாரம் இல்லாத நேரத்திலும் சுத்தம் செய்யலாம் என்பது கார்ட்லெஸ்ஸின் நல்ல பக்கம். ஆனால் மின்சாரம் திரும்ப வரும் கணத்தில் வோல்டேஜ் எகிறினால் முதலில் போவது சார்ஜர். அதனால் சர்ஜ் பாதுகாப்பு உள்ள பிளக்கில் மாட்டுங்கள். மின்சாரம் போனதும் கழற்றிவிட்டு, வந்து சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். பல சார்ஜர்கள் 20 முதல் 35 வாட்தான் எடுக்கும் என்பதால் சின்ன இன்வெர்ட்டரிலும் சார்ஜ் ஆகும்.

வெயிலில் நிறுத்திய காரில் வேக்குவத்தை விட்டுவராதீர்கள். பிப்ரவரி டர்பன் வெயிலில் காருக்குள் ஏறும் சூடு பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும். ஓட்டி முடித்து பேட்டரி சூடாக இருக்கும்போதே சார்ஜில் போடுவதும் அப்படித்தான். அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

6. ஃபில்டரும் கிண்ணமும்

நம் ஊர் ஈரக்காற்றில் தூசிப்பூச்சி நன்றாக வளரும். வீட்டில் ஆஸ்துமாவோ தும்மலோ இருந்தால் ஃபில்டரைக் கவனமாகப் பாருங்கள். ஐரோப்பியத் தரப்படி ஹெப்பா எச்13 என்றால், பிடிக்க மிகக் கடினமான அளவுள்ள நுண்துகளில் 99.95 விழுக்காட்டைத் தடுக்க வேண்டும். ‘ஹெப்பா வகை’, ‘ஹெப்பா போன்றது’ என்று எழுதியிருந்தால் அந்த உறுதி இல்லை. ஃபில்டர் நன்றாக இருந்தாலும் உடலின் இணைப்புகளில் காற்று கசிந்தால் தூசி அந்த வழியாக வெளியேறும். ஓடும்போது இணைப்புகளைச் சுற்றிக் கையை வைத்துப் பாருங்கள். காற்று வெளியேறும் வாயைத் தவிர வேறெங்கும் ஊதக்கூடாது.

புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை ஃபில்டரைக் கழுவி ஈரத்தோடு மாட்டுவது. கையேட்டில் 24 மணி நேரம் காயவிடச் சொல்லியிருப்பார்கள். ஜனவரி மாதத்து டர்பனில் அது காயாது. நான் இரண்டு நாள் விடுகிறேன், நிழலில், காற்றோட்டமான இடத்தில். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடை வரும், ஈரக்காற்று மோட்டாருக்குள்ளும் போகும். வாங்கும்போதே இரண்டாவது ஃபில்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒன்று காயும்போது இன்னொன்று ஓடும்.

கிண்ணத்தைக் கடையிலேயே ஒரு முறை திறந்து மூடுங்கள். விரல் உள்ளே விட்டு எடுக்கும்படி இருந்தால் தூசி முகத்துக்கு வரும். விசையைத் தட்டியதும் அடி திறந்து நேராகத் தொட்டியில் விழுவது நல்லது.

7. பிளக், வாரண்டி, சட்டம்

சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும்போது வாங்கி வரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மின்சாரம் ஒத்துப்போகும், இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். இந்தியாவில் ஏ.சி.க்குப் போடும் பெரிய மூன்று முள் பிளக் இங்குள்ள பழைய சாக்கெட்டில் பொருந்தும். ஐரோப்பிய இரண்டு முள் சார்ஜர் இங்குள்ள புதிய அறுகோணச் சாக்கெட்டில் நேராகப் போகும். பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருந்தால் விமானத்தில் கைப்பையில் கொண்டுவரலாம். கழற்றிய பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் போடக்கூடாது.

ஆனாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த நாட்டு வாரண்டி பெரும்பாலும் இங்கே செல்லாது. இங்கே வாங்கினால் சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் ரிப்பேர் செய்து தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கே. ‘முதலில் ரிப்பேர்தான்’ என்று கடை சொன்னால் பணிந்துவிடாதீர்கள். ஆன்லைனில் வாங்கினால், 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி, பொருள் வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கலாம். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது.

இரண்டுக்கும் ரசீது வேண்டும். கடைகளில் தரும் வெப்பத்தாள் ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.

8. தாளில் ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக நீக்குங்கள்

மூன்று மாடலுக்கு மேல் ஒப்பிடாதீர்கள். ஐந்தாறு எடுத்தால் தலை சுற்றி, கடைசியில் தள்ளுபடி போட்டிருப்பதை எடுத்துவிடுவோம். நவம்பர் பிளாக் ஃபிரைடே சமயத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மதிப்பெண் போட்டுக் கூட்டவும் வேண்டாம். கூட்டினால் ஒரு பெரிய குறையை நாலு சின்ன வசதிகள் மூடிவிடும். அதற்குப் பதில் வரிசையாக நீக்குங்கள். வீட்டில் பயன்படுத்துபவர்களில் ஒருவருக்காவது கை வலித்தால் அந்த மாடல் போயிற்று. உங்கள் தரைக்கான தலை கிடைக்காவிட்டால் போயிற்று. மாற்று பேட்டரி இந்த நாட்டில் கிடைக்காவிட்டால் போயிற்று. தாளில் உள்ள நீளமான வேலையின் இரண்டு மடங்கு நேரம் நடு வேகத்தில் ஓடாவிட்டால் போயிற்று. மிஞ்சியவற்றில்தான் விலையைப் பார்க்க வேண்டும்.

விலை என்பது பெட்டி விலை மட்டும் இல்லை. ஒரு மாற்று பேட்டரி, ஒரு கூடுதல் ஃபில்டர், தேவைப்பட்டால் இன்னொரு தலை, ஸ்டாண்ட் எல்லாவற்றையும் கூட்டி எழுதுங்கள். மலிவாகத் தெரிந்தது பல நேரம் இந்த வரியில் இரண்டாவது இடத்துக்கு வந்துவிடும்.

திரை, விளக்கு, தூசி எண்ணும் கருவி போன்றவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை. தரைத்தலையில் உள்ள விளக்கு மட்டும் உண்மையில் உதவும். கட்டிலுக்கு அடியில் இருட்டில் தூசி தெரியும். மற்றதெல்லாம் இருந்தால் இருக்கட்டும்.

9. வாங்கிய முதல் ஏழு நாள்

முதல் நாள் முழுதாக சார்ஜ் செய்து, நடு வேகத்தில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கடிகாரம் வைத்து அளந்து எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து இதே சோதனையைச் செய்தால் பேட்டரி எவ்வளவு இறங்கியது என்று தெரியும். புகார் கொடுக்கவும் அது கையில் இருக்கும் சான்று.

இரண்டாம் நாளிலிருந்து, முதல் படித் தாளில் உள்ள ஒவ்வொரு வேலையையும் ஒரு முறையாவது செய்துவிடுங்கள். மாமியாரோ பிள்ளைகளோ, எல்லோரும் ஒரு முறை ஓட்டட்டும். குறை இருந்தால் ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு ஏழாம் நாளுக்குள் தெரிந்தாக வேண்டும். அதுவரை பெட்டியையும் உள்ளே இருந்த அட்டைகளையும் எறியாதீர்கள்.

சில விஷயங்களை முதல் நாளே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஈரம் கூடாது, சிந்திய சாம்பாரின் பருப்புகூடக் கூடாது. சாமி அறையில் சூடம், ஊதுபத்தி எரிந்த இடத்தில் கனல் முழுக்க அணைந்து ஆறும் வரை வேக்குவத்தைக் கொண்டுபோகக் கூடாது. ஒரு சின்னப் பொறி போதும், கிண்ணத்திலுள்ள முடியும் தூசியும் பற்றிக்கொள்ளும். ஆறிய விபூதியும் மிக நுண்ணியது, ஃபில்டரை ஒரு வாரத்தில் அடைத்துவிடும். நாங்கள் சாமி அறைக்கு மட்டும் ஈரத் துணிதான். கடற்கரை மணல் கனம். முதலில் வாசலில் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, மிஞ்சியதை மட்டும் வேக்குவத்தில் எடுங்கள்.

கிண்ணத்தை அளவுக்கோட்டைத் தாண்ட விடாதீர்கள். எங்கள் வீட்டில் இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் அடுப்படியை ஒரு சுற்று ஓட்டி, கிண்ணத்தைக் கொட்டி, பத்து நாளுக்கு ஒரு முறை உருளையில் சுற்றிய முடியைக் கத்தரித்து எடுக்கிறோம். மாமியார் இப்போது தானாகவே எடுத்து ஓட்டுகிறார், இடது கையால்.